அம்மாவுக்கு நான் தைத்துக் கொடுத்த காடாத் துணிப் பட்டி

திண்டுக்கல்லில் பதினான்கு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம், உள்பாவாடை என்று எது வந்தாலும் தைப்பேன். அம்மா ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில், தம்பி வீட்டை ஒட்டி ஒரு தனி அறையில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

2018 தைப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அம்மா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய், "கண்ணு, காடாத் துணில ரெண்டு பட்டி அடிச்சுக் குடு. இடுப்பு விட்டுப் போகுது, கட்டிக்கிட்டா கொஞ்சம் தேவல" என்றார். எவ்வளவு அகலம் என்று கேட்டேன். கையை விரித்து, ஒரு சாண் என்று காட்டினார். நீளம் நாலு முழம். "நடுவுல மட்டும் நாலு மடிப்பு வெச்சுக் கெட்டியாத் தை" என்றும் சொன்னார்.

இடுப்புக்குக் கட்டுகிற துணிக்கு நடுவில் எதற்கு நாலு மடிப்பு? நான் கேட்கவில்லை. அன்றைக்கு மெஷினில் பச்சை நூல் மாட்டியிருந்தது. மாற்றாமல் அதிலேயே இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆடிக்கும் இரண்டிரண்டு பட்டி. பச்சை நூல்தான் வேண்டும் என்று அம்மா கேட்கவில்லை. முதல் தடவை போட்டதால் அதுவே பழக்கமாகிவிட்டது. ஐந்து வருடம் இப்படித் தைத்தேன்.

2023 மாசியில் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் பிரஷர் பார்த்திருக்கிறார். 170-க்கு 100. அதுவரை அம்மாவுக்குப் பிரஷர் இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தத் திட்டம் 2021-ல் வந்தது. அது இல்லாவிட்டால் அம்மா தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் போயிருக்கவே மாட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதம் சாப்பிட்டும் சரியாக இறங்கவில்லை. அதற்குள் கால் வீங்க ஆரம்பித்தது. சோறு கசக்கிறது என்றார். காலையில் குமட்டல். ஒண்ணுக்கு அடிக்கடி வருகிறது, ஆனால் போனால் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது.

தம்பி பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் காட்டினான். நீர்த்தாரையில் கிருமி என்று ஐந்து நாள் மாத்திரை. சரியானதுபோல் இருந்து மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை. மூன்றாவது தடவைதான் ஸ்கேன் எழுதினார்கள். ரிப்போர்ட்டை வாட்ஸாப்பில் அனுப்பினான். "இரண்டு பக்கமும் ஹைட்ரோயூரிடரோநெஃப்ரோசிஸ், வலது மாடரேட், இடது மைல்டு" என்று இருந்தது. இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறது, கிட்னியிலிருந்து வரும் குழாய்களும் வீங்கியிருக்கின்றன என்று அர்த்தமாம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 2.1. அம்மா வயதுப் பெண்களுக்கு ஒன்றை ஒட்டி இருந்தால் நல்லது என்று லேபில் சொன்னார்கள்.

எங்கள் ஊரில் இரண்டு பேர் டயாலிசிஸுக்குப் போய் வருகிறார்கள். ஒருவர் அம்மாவோடு தக்காளி பறிக்கப் போனவர். தம்பி போனில் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். நான் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கல்லாக இருக்கும் என்றார்கள். சி.டி. எடுத்தோம். கல் இல்லை. கிட்னியிலிருந்து மூத்திரப்பை வரைக்கும் குழாய் முழுக்க விரிந்திருக்கிறது, அடைப்பு என்னவென்று தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. ஒரு டாக்டர் கர்ப்பப்பை வாயில் புற்று இருந்தாலும் இரண்டு பக்கக் குழாயும் இப்படி அடைபடும் என்றார். அந்த ஒரு வாரம் நான் தூங்கவில்லை. இன்னொரு இடத்தில் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் வைத்துவிடலாம், பிறகு காரணம் பார்க்கலாம் என்றார்கள். மூன்று வாரத்தில் ஐந்து பேர் அம்மாவைப் பார்த்தார்கள். ஐந்து பேரும் படுக்க வைத்து, புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கி, வயிற்றில் ஜெல் தடவிப் பார்த்தார்கள். ஒருவர்கூட அதற்குக் கீழே பார்க்கவில்லை. அம்மாவும் ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறார். கீழே இறங்கியிருந்தது அந்த இறுக்கத்தில் உள்ளேயே நிற்கும். எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு அரசு மருத்துவமனைக்கு வந்தோம். அங்கே மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது, சி.டி. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார். ஸ்கிரீன் துணிக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது.

"அம்மா, எத்தனை புள்ளைங்க?"

"நாலு. ஒண்ணு தங்கல."

"எல்லாம் வீட்லயேதானா?"

"ஆமா சாமி."

"ஒண்ணுக்குப் போகறப்ப கைய வெச்சு எதையாச்சும் உள்ள தள்ளிட்டுப் போறீங்களா?"

அம்மாவிடமிருந்து பதில் இல்லை. வெகுநேரம் இல்லை. பிறகு அழுகிற சத்தம் கேட்டது. அம்மா அழுது நான் கேட்டது அப்பா இறந்த அன்றைக்குத்தான். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. "பரவால்லம்மா, பரவால்லம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். கட்டிலின் கால்மாட்டில், நர்ஸ் கையில், சுருட்டி வைத்த ஒரு பட்டி. நடுவில் நாலு மடிப்பு. மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. ஓரத்தில் பச்சை நூல், இரட்டைத் தையல்.

அதை இடுப்பைச் சுற்றி அம்மா கட்டவே இல்லை. கோவணம்போல் காலுக்கு இடையே கொடுத்து, முன்னாலும் பின்னாலும் அரைஞாண் கயிற்றில் செருகி, கர்ப்பப்பையை உள்ளே நிறுத்தி வைத்திருக்கிறார். ஐந்து வருடமாக நான் தைத்துக் கொடுத்தது இதற்குத்தான்.

அம்மாவை உட்கார வைத்து முக்கச் சொன்னார்கள். நானும் பார்த்தேன். சின்னக் கத்தரிக்காய் அளவு, சிவந்து, மேல்தோல் காய்ந்து, ஒரு பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். துணி உரசியும், தொங்கித் தொங்கி ரத்த ஓட்டம் தேங்கியும் வந்த புண் அது. அந்தப் புண்ணோடு அம்மா அதற்கு முந்தின வாரம்வரை முருங்கைக்காய் பறிக்கப் போயிருக்கிறார்.

"கர்ப்பப்பை முழுசா வெளிய வந்திருக்கு. புரோசிடென்ஷியான்னு சொல்வோம். கிட்னி வீக்கம் இதனாலதான் இருக்கணும்" என்றார் டாக்டர். எனக்குப் புரியவில்லை. கிட்னி எங்கேயோ முதுகுப் பக்கம் விலாவுக்கு அடியில் இருக்கிறது. கர்ப்பப்பை எங்கேயோ இருக்கிறது. இது இறங்கினால் அது ஏன் வீங்க வேண்டும்? கேட்டேன். அவர் ஒரு பழைய சீட்டைத் திருப்பிப் போட்டு வரைந்து காட்டினார். அந்தச் சீட்டு இன்னும் என் கடை மேஜை டிராயரில் இருக்கிறது.

கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் குழாய் ஒரு சாணைவிடக் கொஞ்சம் நீளம், ஏறத்தாழ 25 செ.மீ. தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். நாங்கள் பாவாடைக்குக் கோக்கிற நாடாவைவிட மெல்லிசு. அது நேராக மூத்திரப்பைக்கு வந்துவிடுவதில்லை. கர்ப்பப்பை வாய்க்கு ஒட்டினாற்போல், இரண்டு செ.மீ. தள்ளி, கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்க்கு அடியில் நுழைந்து வருகிறது. மருத்துவக் கல்லூரியில் இதைப் பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர் என்று சொல்லிக்கொடுப்பார்களாம். கர்ப்பப்பை கீழே இறங்கும்போது அந்த ரத்தக் குழாயும் இறங்கும், மூத்திரப்பையின் அடிப்பாகமும் இறங்கும். நடுவில் மாட்டிய அந்த மெல்லிய குழாய் இழுபடும், மடங்கும், நசுங்கும். பாவாடை மடிப்புக்குள் நாடா இருக்கும்போது ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தால் தெரியும், நாடா எப்படிக் கயிறாகச் சுருங்கி மடிப்பில் சிக்கிக்கொள்கிறது என்று. அப்படி நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

குழாய் மடங்கினாலும் கிட்னி மூத்திரம் சுரப்பதை நிறுத்தாது. போக வழியில்லாமல் அது மேலேயே தேங்கும். குழாய் விரியும், பிறகு கிட்னிக்குள் இருக்கும் பை விரியும், அழுத்தம் கிட்னியின் சதையைத் தேய்க்கும். அம்மாவுக்கு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மூத்திரப்பையும் சேர்ந்து இறங்கியதால் வெளியே போகும் வழியும் மடங்கிவிட்டது. போய்விட்டு வந்த பிறகு ஸ்கேன் பார்த்தால் உள்ளே 350 மில்லி மிச்சம் இருந்தது. நீர்க்கிருமி திரும்பத் திரும்ப வந்ததற்கும் அதுதான் காரணம்.

அப்படியென்றால் வலித்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். கல் வந்து சட்டென்று அடைத்தால்தான் உயிர் போகிற வலி. இப்படி வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் கிட்னி சத்தமே போடாது என்றார். அந்தப் பதில்தான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் அம்மா இப்படியே பட்டி கட்டிக்கொண்டு இருந்திருப்பார். நாங்களும் பிரஷர் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருந்திருப்போம்.

இது அரிதான விஷயம் இல்லையாம். கர்ப்பப்பை நன்றாக வெளியே வந்துவிட்ட பெண்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் வெளிநாடுகளில் இருக்கின்றன. சிலவற்றில் பத்தில் ஒருவருக்கு, சிலவற்றில் மூன்றில் ஒருவர் அளவுக்குக்கூடக் கிட்னி வீக்கம் தெரிந்திருக்கிறது. பெரும்பாலும் லேசான வீக்கம்தான். எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அவ்வளவு அதிகம். லேசான இறக்கத்துக்கு யாரும் பயப்பட வேண்டியதில்லை. முழுக்க வெளியே வந்துவிட்டால் கிட்னியைப் பார்க்காமல் விடக் கூடாது.

அன்றைக்கே அட்மிஷன் போட்டார்கள். கர்ப்பப்பையை மெல்ல உள்ளே தள்ளி, மருந்தில் நனைத்த நீளமான காஜ் துணியை உள்ளே வைத்து அடைத்தார்கள். அக்ரிஃப்ளேவினும் கிளிசரினும் கலந்த மருந்து, பளிச்சென்று ஆரஞ்சு மஞ்சள். படுக்கை விரிப்பு, அம்மா புடவை, என் விரல் எல்லாம் அந்த நிறம். மூத்திரத்துக்கு டியூப் போட்டார்கள். அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை, ஏனென்றால் பை நிரம்பிக்கொண்டே இருந்தது. நான் போய் நர்ஸைக் கூப்பிடுவேன், அவர் வந்து அளந்து காலி செய்வார், சில மணி நேரத்தில் மறுபடி நிரம்பும். விடிவதற்குள் நாலு லிட்டரைத் தாண்டிவிட்டது. பயந்துபோய்க் கேட்டேன். தேங்கினது திறந்துவிட்டால் கொஞ்ச நாள் இப்படித்தான் கொட்டும், அதற்கேற்ப டிரிப்ஸ் ஏற்றுகிறோம், உப்புச் சத்து குறையாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

நாலாம் நாள் கிரியேட்டினின் 1.5. அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது என்ன செய்வதென்றே தெரியவில்லை. வராந்தாவில் பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் போய்க் காட்டினேன். அவருக்கு அது என்னவென்று தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து, "நல்லதுதானே" என்றார்.

புண் ஆறுவதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. தினமும் காஜை மாற்றினார்கள், எஸ்ட்ரோஜன் கிரீம் தடவினார்கள். அந்த நாட்களில்தான் அம்மா என்னிடம் பேசினார். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசுவார். பகலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

தம்பி பிறந்து பதினாறாம் நாள் தண்ணிக்குப் போனாராம். இரண்டு குடம், ஒன்று இடுப்பில், ஒன்று தலையில். அன்றைக்கே கீழே ஏதோ கனமாக இருந்ததாம். அப்புறம் மறந்துவிட்டது. தக்காளிப் பெட்டி தூக்கும் காலத்தில் சாயங்காலமானால் அடி தள்ளும், படுத்தால் சரியாகிவிடும். தூரம் நின்ற பிறகு படுத்தாலும் போகவில்லை. அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும். ஆம்பள என்ன பண்ணுவாரு" என்றார். பாட்டிக்கும் இப்படி இருந்ததாம். அவர்தான் பட்டி கட்டும் விதத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் தைக்கும் முன் அம்மா பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"உங்கிட்ட எப்படிச் சொல்றது கண்ணு. நீ பொறந்த எடமாச்சே அது."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஊசி போட்டு வளையம் வைத்தால் ஆபரேஷன் வேண்டாமே என்று தம்பி யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். ஊசி இதில் கிடையாது. வளையம் உண்டு. சிலிகான் ரிங், பெஸ்ஸரி என்கிறார்கள். மடித்து உள்ளே வைத்தால் விரிந்து தாங்கிக்கொள்ளும். சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். ஆபரேஷன் தாங்காதவர்களுக்கு அது பெரிய வரம். அம்மாவுக்கு உடம்பு தாங்கும், இறக்கம் முழு இறக்கம், தோட்ட வேலையை நிறுத்தப்போவதும் இல்லை. அதனால் ஆபரேஷனே நல்லது என்று முடிவு செய்தார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பதிந்துகொண்டார்கள். முதுகில் ஊசி போட்டு, கீழ் வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, மூத்திரப்பையையும் மலக்குடலையும் தாங்கும் சதையை இழுத்துத் தைத்தார்கள். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லை. கையெழுத்து வாங்கும்போது அந்த இளம் டாக்டர் ஒன்றை மறைக்காமல் சொன்னார். இறங்கிய கர்ப்பப்பையோடு அந்தக் குழாயும் கீழே இழுபட்டிருக்கும், கத்திரியும் ஊசியும் போகும் இடத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும், அதனால் தெரியாமல் பட்டுவிட வாய்ப்பு உண்டு. தைத்து முடித்ததும் மூத்திரப்பைக்குள் கேமரா விட்டு, இரண்டு பக்கமும் மூத்திரம் வந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முடிப்போம் என்றார். ஊசியும் நூலுமாகப் பிழைக்கிறவள் நான். பக்கத்தில் இருக்கும் துணியைச் சேர்த்துத் தைத்துவிடுவது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு மணி நேரம் நான் நினைத்ததெல்லாம் அந்த மூன்று மில்லிமீட்டர் குழாயைத்தான்.

வெளியே வந்து, "ரெண்டு பக்கமும் நல்லா வருதும்மா" என்றார்.

இரண்டாம் நாள் டியூபை எடுத்தார்கள். அம்மா பாத்ரூம் போய்விட்டு வர நேரமானது. கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். "இருடி, போய்க்கிட்டே இருக்குது" என்றார் உள்ளேயிருந்து. கையை வைக்காமல், தள்ளாமல், ஒரே தாரையாக. எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று அவருக்கே கணக்கில்லை.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தோம். இடது கிட்னியில் வீக்கம் சுத்தமாக இல்லை. வலதில் லேசாக மிச்சம். அதன் சதை கொஞ்சம் மெலிந்துவிட்டது, போனது திரும்ப வளராது என்றார்கள். கிரியேட்டினின் 1.2-ல் நின்றது. பிரஷர் மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றானது. வருடத்துக்கு ஒருமுறை ஸ்கேனும் ரத்தமும் பார்க்க வேண்டும்.

என் அத்தைக்கு வயது 79. இதயத்தில் கோளாறு உள்ளவர். அம்மாவுக்கு நடந்ததைக் கேட்ட பிறகு, எனக்கும் இருக்கிறது என்று அவராகவே சொன்னார், இருபது வருடமாகவாம். ஸ்கேன் எடுத்தால் அவருக்கும் இரண்டு பக்கமும் லேசான வீக்கம். அவருக்கு மயக்க மருந்து வேண்டாமென்று வளையம் வைத்தார்கள். ஆறு வாரத்தில் மறுபடி பார்த்தபோது வீக்கம் வடிந்திருந்தது. ஒரு வளையம், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரைக் கூட்டிப்போய்க் கழுவி மாட்டிக்கொண்டு வருவது இப்போது என் வேலை. சந்தோஷமாகச் செய்கிறேன்.

கடைக்கு வரும் பெண்களிடம் பேச ஆரம்பித்தேன். அளவெடுக்கும் நேரம் பெண்கள் மனம்விட்டுப் பேசும் நேரம். கதவைச் சாத்தியிருப்போம், இரண்டு பேர்தான் இருப்போம், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு முதுகுப் பக்கம் நிற்பேன். முகத்தைப் பார்க்காமல் பேசலாம். முதலில் என் அம்மா கதையைச் சொல்வேன். சிலர் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் போய், அடுத்த வாரம் ஜாக்கெட் வாங்க வரும்போது, "அக்கா, அன்னிக்குச் சொன்னீங்களே" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு வருடத்தில் ஒன்பது பேர். அதில் முழுக்க வெளியே வந்த நான்கு பேருக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். இரண்டு பேருக்குக் கிட்னியில் லேசாக வீக்கம் இருந்தது. ஒருவர் பள்ளிக்கூட ஆயா. அவருக்கு அதுவரை எந்தக் கிட்னித் தொந்தரவும் தெரிந்ததில்லை.

அவர்களிடம் நான் சொல்வது இதுதான். ஆஸ்பத்திரியில் வயிறு ஸ்கேன் எடுக்கும்போது, எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, கிட்னியையும் சேர்த்துப் பாருங்கள் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். போய்விட்டு வந்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் ஒரு தடவை பாருங்கள். அதே மாதிரி, உங்கள் வீட்டில் வயதான அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் வீங்கியிருக்கிறது, கல் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், கீழே ஏதாவது இறங்குகிறதா என்று நீங்களே கேளுங்கள். மகள் கேட்டால் சொல்ல மாட்டார்கள் என்றால் மருமகள் கேட்கட்டும், பக்கத்து வீட்டு அக்கா கேட்கட்டும். கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். இளம் வயதில், கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது என்றால் கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் சதையை இறுக்கி விடும் பயிற்சி இருக்கிறது, மலச்சிக்கலும் இருமலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம், கனம் தூக்குவதைக் குறைக்கலாம். முழுக்க வெளியே வந்த பிறகு பயிற்சி மட்டும் அதை உள்ளே கொண்டுபோகாது.

செங்கல்பட்டுப் பக்கம் கிராமப் பெண்களோடு 1981-லிருந்து வேலை செய்துவரும் ரூசெக் என்ற அமைப்பு, இதை அனுபவிக்கும் பெண்களிடமே உட்கார்ந்து கேட்டு 1990-களிலேயே பதிவு செய்திருக்கிறது. நேபாளத்தில் மலைக் கிராமப் பெண்களிடம் இது அவ்வளவு பரவலாக இருந்ததால், 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே இதைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று சொல்லி அரசை நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இதைப் படித்த அன்று அம்மாவிடம் சொன்னேன். "கோர்ட்ல போயி இதயெல்லாம் பேசுனாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம், "நல்லாருக்கட்டும்" என்றார்.

மிச்சமிருந்த பட்டிகளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அம்மா அடுப்பில் போட்டுவிட்டார். கடையில் பாதி வெட்டியது ஒன்று இருந்தது. அந்தக் காடாத் துணியை நான் வேறு எதற்கும் எடுக்கவில்லை.

அடுத்த ஸ்கேன் வரும் பங்குனியில். நேற்றுத் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். அம்மா தவிட்டு மூட்டையைத் தனியாகத் தூக்கி மாட்டுத் தொட்டிக்குப் போட்டார்கள், சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறார்கள் என்றாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டாலும், கனம் தூக்கினால் தைத்த இடம் மறுபடி இறங்கலாம் என்று டிஸ்சார்ஜ் அன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினார்கள். அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "கால் மூட்டதான் கண்ணு, முழு மூட்டயில்ல" என்றார். கால் மூட்டையும் கூடாது என்றேன். மாடு பட்டினி கிடக்குமா என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸுக்கு ஊருக்குப் போகிறேன். தவிட்டைச் சின்னச் சின்ன வாளியில் அள்ளிப் போடுகிற மாதிரி தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு டிரம் வாங்கி வைத்துவிட்டு வரவேண்டும்.